முதல்ல அமெரிக்கா நிறுத்தட்டும்

தம்பி, அந்தப் பைய மட்டும் கொஞ்சம் உங்க காலுக்கு அந்தப் பக்கம் தள்ளி விட்டுக்கிடுங்க. உள்ள மாசிக் கருவாடு இருக்கு. வாட வராது, நல்லா காஞ்சது, கட்ட மாதிரி இருக்கும். என் மக கட்டிக் குடுத்தா. திருநெல்வேலிக்கா போறீங்க? நல்லதாப் போச்சு. நான் வள்ளியூர்ல இறங்கணும். உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவேன். எனக்கு இன்னைக்கு வாயும் நிக்காது, காலும் தரையில பாவாது. காலையில மாலத்தீவுல ரொட்டி தின்னேன். மத்தியானம் திருவனந்தபுரம் ஸ்டாண்டுல பழம்பொரி தின்னேன். ராத்திரி வீட்ல போய் சோறு திங்கணும். ஒரே நாள்ல இத்தன எடத்துல தின்ன ஆளு எங்க குடும்பத்துல எவனும் கிடையாது.

என் பேரு ஆவுடையப்பன். வள்ளியூர்ல வந்து ஜெனரேட்டர் ஆவுடையப்பன் வீடு எதுன்னு கேளுங்க, சின்னப்புள்ளையும் கை காட்டும். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம வண்டிதான் போய் நிக்கும். பத்து ஜெனரேட்டர் வச்சிருக்கேன். பத்தும் டீசல். ஸ்டார்ட் பண்ணினா பக்கத்துல நிக்கிறவன் நெஞ்சு அதிரும். எனக்கு அந்தச் சத்தம் இல்லாம உறக்கம் வராது. உண்மையாத்தான் சொல்லுதேன்.

எனக்கு ஒரே மக. உலகம்மைன்னு பேரு. கெமிஸ்ட்ரி படிச்சவ. நம்ம பக்கத்துப் புள்ளைங்க நிறைய பேரு மாலத்தீவுக்கு டீச்சர் வேலைக்குப் போகும், தெரியும்லா? இவளும் போனா. போய் அந்த ஊர்ப் பாஷையெல்லாம் படிச்சு, அங்க உள்ளவ மாதிரியே ஆயிட்டா. வருஷா வருஷம் வாங்கப்பா வாங்கப்பாங்கா. நான் சீசன் சீசன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இந்த வருஷம் ஆனது ஆகட்டும்னு கிளம்பிட்டேன். அவ அம்மை கோமதி மட்டும் வரமாட்டேன்னுட்டா. "கீழ தண்ணி, மேல காத்து, நடுவுல எனக்கு என்ன சோலி"ன்னா.

அந்தத் தீவு இருக்குல்லா தம்பி, பேரு என் வாயில நிக்கல, இந்த முனையில வெத்தல போட்டா அந்த முனைக்குப் போறதுக்குள்ள சிவக்காது. அம்புட்டுத்தான் ஊரு. இங்கன உள்ள உசரமான எடம் எதுன்னு மககிட்ட கேட்டேன். "பள்ளிக்கூட மாடிப்படி"ன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

நான் போனது பள்ளிக்கூட லீவு நேரம். சுத்திப் பாத்தேன், அரை நாள்ல ஊரு முடிஞ்சு போச்சு. பொறவு என்ன செய்ய? கடலப் பாத்தேன். கடல் அங்கனயேதான் கிடந்திச்சு. அப்பத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டகை கண்ணுல பட்டிச்சு. எட்டிப் பாத்தா ஒரு ஜெனரேட்டர். துரு ஏறி, எண்ணெ வழிஞ்சு, பிணமா கிடக்கு. தீவுக்குப் பொதுக் கரண்டு உண்டு, ஆனா பகல்ல நினைச்ச நேரம் போயிரும். அதனால பள்ளிக்கூடத்துக்குன்னு தனியா வச்சிருந்திருக்காங்க. லீவு விடுறதுக்கு முன்னாடி அது செத்துப் போயிட்டு.

எனக்கு மனசு கேக்குமா? நீங்க டாக்டர்னு வச்சுக்கிடுங்க. ரோட்டுல ஒருத்தன் விழுந்து கிடந்தா தாண்டிப் போவீங்களா? வாட்ச்மேன்கிட்ட சைகையில ஸ்பானர் கேட்டேன். படகுக்காரன் ஒருத்தன் பெட்டியோட ஓடியாந்தான். கழட்டிப் போட்டு, கழுவி, ஊதி, அடச்சிருந்தத எடுத்து, திரும்ப மாட்டி ஒரு இழுவ இழுத்தேன் பாருங்க. முதல்ல இருமுச்சு. பொறவு உறுமுச்சு. கரும்பொகை கொட்டகைய விட்டுக் குபுகுபுன்னு கிளம்பி தென்னமர உச்சிக்குப் போச்சு. ஊரே ஓடி வந்து கை தட்டுது. என்னக் கட்டிப் பிடிக்கான் ஒருத்தன். இளநி கொண்டாந்து குடுக்கான் ஒருத்தன். எனக்கு நம்ம ஊர் அம்மன் சப்பரம் கிளம்பின மாதிரி இருந்திச்சு.

சத்தம் கேட்டு உலகம்மை வந்தா. ஓடி வரல, மெதுவா நடந்து வந்தா. "யப்பா, என்ன செஞ்சீங்க?"ன்னா.

"ஓட வச்சிட்டேன்"னேன்.

அவ அங்கன கிடந்த ஒரு கல்லுல போய் உக்காந்துட்டா. சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நான் நினைச்சேன். இளநிய அவகிட்ட நீட்டுனேன், வாங்கல.

விஷயம் சாயங்காலம்தான் தெரிஞ்சிச்சு. கடக்கரையில கூட்டிட்டுப் போயி உக்கார வச்சுச் சொல்லுதா. அவளும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா ஷாஹிதாவும் சேந்து ரொம்ப நாளா ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. ஜெனரேட்டர தூக்கிட்டு மாடியில சோலார் தகடு போடணும்னு. பகல்லதான பள்ளிக்கூடம், பகல்லதான வெயிலுன்னு. சாமான் எல்லாம் தலைநகரத்துல வந்து இறங்கிட்டு. பெத்தவங்க கூட்டத்துல சரின்னு கை தூக்கினா படகுல ஏத்த வேண்டியதுதான். பெத்தவங்கதான் பிடி குடுக்காம இருந்தாங்களாம். அந்த நேரம் பாத்து ஜெனரேட்டர் செத்துச்சு. இனி சரின்னுருவாங்கன்னு இவ நிம்மதியா இருந்திருக்கா.

நான் போய் உசுரு குடுத்துட்டேன்.

"ஏளா, ஒரு ஜெனரேட்டர் சாகட்டும்னா காத்துக்கிட்டு இருந்த? நீ ஜெனரேட்டர் சோத்துல வளந்த புள்ளைலா"ன்னு கேட்டேன்.

"ஆமாப்பா. அது சாகணும்னுதான் இருந்தேன்"னு பட்டுன்னு சொல்லிட்டா. சொல்லிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துட்டு. எனக்கும் வந்துட்டு. ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா சண்ட முடியலல்லா.

நான் நியாயத்தக் கேட்டேன் தம்பி. நீங்களே சொல்லுங்க. அந்தத் தீவு மொத்தமும் சேந்து விடுற பொகை எம்புட்டு இருக்கும்? எங்க ஊர்க் கொடையில ஒத்த ராத்திரி நான் விடுவேன் அதை. அமெரிக்காக்காரன் விடுதான், சீனாக்காரன் விடுதான், நம்மாளும் லேசுப்பட்டவன் இல்ல. அவனெல்லாம் வண்டி வண்டியா விட்டுக்கிட்டு இருக்கும்போது, ஒரு கைக்குட்ட அளவு நாடு நான் மூச்ச அடக்கிக்கிடுதேன்னா என்ன அர்த்தம்? முதல்ல அமெரிக்கா நிறுத்தட்டும். பொறவு நாம பாக்கலாம். இதத்தான் கேட்டேன்.

"இந்தத் தீவு நிறுத்திட்டா கடல் ஒரு விரக்கடையாவது இறங்குமா?"ன்னும் கேட்டேன்.

"இறங்காதுப்பா"ன்னா.

"பொறவு எதுக்கு?"

அவ கடலக் கை காட்டினா. "வாசல்ல தண்ணி வந்து நிக்கிது. பெரிய நாட்டுக்காரன்கிட்ட போயி நிறுத்துன்னு சொல்லணும்லா? நம்ம கொட்டகையில பொகை போய்க்கிட்டு இருந்தா எந்த வாயால சொல்லுவோம்?"னா.

"சொல்லி அவன் நிறுத்துவானா?"

"தெரியாதுப்பா."

பாத்தீங்களா? தெரியாதாம். தெரியாத காரியத்துக்கு ஒரு நல்ல ஜெனரேட்டரத் தூக்கிப் போடணுமாம். இவள நான் இன்ஜினியருக்குப் படிக்க வச்சிருக்கணும்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ஜெனரேட்டர் ஜாம் ஜாம்னு ஓடுது. பசங்க என்னப் பாத்தா "ஜெனரேட்டர் அப்பா"ன்னு கையாட்டும். அப்பாங்கிற வார்த்தைய என் மகதான் சொல்லிக் குடுத்திருக்கா. எனக்குப் பெருமைன்னா பெருமை. வியாழக்கிழமை சாயங்காலத் தொழுகை முடிஞ்சு பெத்தவங்க கூட்டம். ஷாஹிதாம்மா என்னயும் கூப்பிட்டு விட்டாங்க. ஜெனரேட்டரப் பத்தி விவரம் தெரிஞ்ச ஆளு, வந்து ரெண்டு வார்த்தை பேசணும்னு.

உலகம்மைதான் நான் பேசுறத அந்த ஊர்ப் பாஷையில சொல்லணும். நான் அவகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். "ஏளா, நான் ஒண்ணு சொல்ல நீ ஒண்ணு சொல்லக் கூடாது. சொன்னத அப்படியே சொல்லணும். சத்தியம் பண்ணு." பண்ணினா. என் மக சத்தியம் பண்ணினா மாற மாட்டா.

கூட்டத்துல பாத்தா முக்காவாசிப் பேரு என் பக்கம்தான் தம்பி. ஒரு படகுக்காரர் எந்திச்சு நான் சொன்னதையே சொல்லுதாரு. பெரிய நாடு நிறுத்தட்டும், நாங்க தூசி, எங்களால என்ன ஆகும்னு. அதான் ஜெனரேட்டர் ஓடுதே, பொறவு எதுக்குத் தகடுன்னு. எனக்குக் கூடப் பிறந்தவனப் பாத்த மாதிரி இருந்திச்சு. என் முறை வந்ததும் எந்திச்சேன். நான் கட்சிக் கூட்டத்துக்கு ஜெனரேட்டர் விட்டவன்லா, எத்தன பேச்சு கேட்டிருப்பேன். ஒரு கைய இடுப்புல வச்சேன். இன்னொரு கைய மேல தூக்கினேன்.

"நீங்க சொல்லுறதுதான் நியாயம்"னேன். "உலகம் பூரா அப்படித்தான் நடக்கு. எங்க ஊரையே எடுத்துக்கிடுங்க. என் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால ஞானதிரவியம்னு ஒரு டைலர். தைக்கிற வெள்ளச் சட்டையெல்லாம் கரி படியுது, கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சின்னாரு. நான் என்ன சொன்னேன்? மெயின் ரோட்டுல போற லாரி விடுற பொகைய விடவா நான் விட்டுட்டேன், அவன முதல்ல நிறுத்தச் சொல்லும்னேன். அவரு லாரிக்காரன்கிட்ட போனாரு. லாரிக்காரன் என்ன சொன்னான்? கரி எரிச்சுக் கரண்டு எடுக்கானே, அவன நிறுத்தச் சொல்லும்னான். அவன்கிட்ட போய்க் கேட்டா அவன் சீனாவக் காட்டுவான். சீனாக்காரன் அமெரிக்காவக் காட்டுவான். அதுதான் முறை."

உலகம்மை ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல எல்லாரும் தலையாட்டுதாங்க. எனக்கு உற்சாகம் தாங்கல. இன்னொண்ணும் சொன்னேன். "எங்க தெருவுலயே சேர்மத்துரைன்னு ஒரு பையன். ஒத்த ஜெனரேட்டர் வச்சிருக்கான், ஓட்ட ஜெனரேட்டர். ஏல, உன் பொகை நேரா என் வீட்டு அடுக்களைக்கு வருதுன்னு சத்தம் போட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அண்ணாச்சி பத்து ஓட்டுதாரு, அவரு முதல்ல நிறுத்தட்டும்ங்கான். நான் என்ன அமெரிக்காவா? திமிரப் பாத்தீங்களா?"

இதுக்கு மட்டும் முன் வரிசையில ஒரு பொம்பள சிரிச்சாங்க. மீன் காய வைக்கிறவங்க, ஹவ்வான்னு பேரு. அவங்க வீட்டுக் கிணறு உப்பாப் போயிட்டுன்னு மக முன்னாடியே சொல்லியிருக்கா. அந்தம்மா எந்திச்சு ஒரு கேள்வி கேட்டாங்க. உலகம்மை எனக்குத் தமிழ்ல சொன்னா. "இப்படி ஒவ்வொருத்தரும் அடுத்தவரக் காட்டினீங்களே, கடைசியில உங்க ஊர்ல யாரு நிறுத்துனாங்க?"

நல்ல கேள்வி. நான் நெஞ்ச நிமித்திச் சொன்னேன். "ஒருத்தனும் நிறுத்தல. இன்னைக்கும் எல்லாம் ஜோரா ஓடுது. நீங்க வந்து பாருங்க, சாயங்காலம் ஆச்சுன்னா கண்ணு எரியும். என் வீட்டுக்காரி சேலைய மூக்குல பொத்திக்கிட்டுத்தான் சமைப்பா."

உலகம்மை என்னத் திரும்பிப் பாத்தா. "யப்பா, அப்படியே சொல்லணுமா?"ன்னா.

"அப்படியே சொல்லு"ன்னேன்.

சொன்னா. கூட்டம் அமைதியாயிட்டு. என் பேச்சுல சொக்கிப் போனா அப்படித்தான் இருக்கும், நான் பாத்திருக்கேன். அந்தம்மா உக்காரல. இன்னொண்ணு கேட்டாங்க. "அப்ப நாங்க எம்புட்டு நாள் காத்துக்கிட்டு இருக்கணும்?"

"அத நீங்க அமெரிக்காகிட்டதான் கேக்கணும்"னு சொல்லிட்டு உக்காந்தேன். நல்ல முடிப்பு. கை தட்டுவாங்கன்னு பாத்தேன். தட்டல. படகுக்காரர் தாடியத் தடவிக்கிட்டே என்னப் பாத்துக்கிட்டு இருக்காரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பொறவு அவங்களுக்குள்ள என்னமோ பேசினாங்க. ஷாஹிதாம்மா எந்திச்சுக் கேட்டாங்க. கை தூக்குனாங்க.

எல்லாருமே தகட்டுக்குத் தூக்கிட்டாங்க தம்பி. படகுக்காரரும் தூக்கிட்டாரு.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. நான் அவங்க பக்கம்தான பேசினேன்? அவங்க சொன்னததான நானும் சொன்னேன்? உலகம்மை சத்தியம் மாற மாட்டா. ரெண்டு வார்த்தை நானும் அதுக்குள்ள படிச்சிருந்தேன், சரியாத்தான் சொல்லியிருக்கா. நான் என்ன நினைக்கேன்னா, என் பேச்சு வேகத்துல மயங்கி, என்ன செய்யுதோம்னு தெரியாமக் கையத் தூக்கிட்டாங்க. கட்சிக் கூட்டத்துலயும் இப்படி நடக்கத்தான செய்யும்.

வெளிய வந்ததும் என் மக என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. வயசுக்கு வந்ததுக்குப் பொறவு அவ என்ன அப்படிக் கட்டிப் பிடிச்சதே இல்ல. சிரிக்கா, அழுவுதா, திரும்பச் சிரிக்கா. "யப்பா, நீங்க வரலன்னா இது நடந்தே இருக்காது"ங்கா. எதுக்குச் சொல்லுதான்னு நான் கேக்கல. பெத்த புள்ள பாராட்டுனா ஏன் எதுக்குன்னா கேக்கது? வாங்கிக்கிட்டேன்.

சாமான் படகுல வந்து இறங்கிச்சு. மாட்டுறதுக்கு வந்தவனுங்க ரெண்டு சின்னப் பயலுவ. வயரப் பிடிக்கிற லட்சணத்தப் பாத்ததும் எனக்குப் பொறுக்கல. கொள்கை வேற தம்பி, வயரிங் வேற. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நானும் மாடிக்கு ஏறிட்டேன். அந்த வெயில்ல, நாலு பக்கமும் கடலு மின்ன, எனக்குக் கிறுகிறுன்னு வருது, ஆனா இறங்க மனசில்ல. கீழ நின்னு உலகம்மை தொப்பி போடுங்கப்பான்னு கத்துதா. பசங்க ஜெனரேட்டர் அப்பான்னு கத்துது. அடேய், நான் இப்ப ஜெனரேட்டர் அப்பா இல்லலேன்னு மேல இருந்தே தமிழ்ல கத்தினேன். அதுகளுக்கு என்ன விளங்கிச்சோ, ஹேன்னு கூப்பாடு போட்டுச்சு.

மறுநாள் வகுப்பு நடக்கும்போது பொதுக் கரண்டு போயிட்டு. நான் பழக்கத்துல கொட்டகைக்கு ஓடினேன். ஓடிப் போய் நிக்கேன், ஃபேன் சுத்துற நிழல் சன்னல்ல தெரியுது. லைட்டு எரியுது. ஆனா சத்தம் இல்ல. எனக்கு ஏதோ தப்பு நடக்குற மாதிரி இருக்கு. சத்தம் இல்லாம கரண்டா? எனக்குக் காது போச்சான்னு விரல விட்டு ஆட்டிப் பாத்தேன்.

அப்பத்தான் கேட்டிச்சு. கொட்டகைக்கு அந்தப் பக்கச் சொவரு என் மக வகுப்பு. அவ பாடம் நடத்துதா. அதுவரைக்கும் ஜெனரேட்டர் சத்தத்துல எனக்குத் தெரியவே தெரியாது, இந்தப் பக்கம் நான் நிக்கேன், அந்தப் பக்கம் அவ நிக்கான்னு. அவ என்னமோ கேக்கா, ஒரு புள்ள என்னமோ சொல்லுது, அவ சிரிக்கா, வகுப்பே சிரிக்குது. வீட்ல என்கிட்ட பேசுற குரல் இல்ல அது. வேற குரலு. பெரிய மனுஷி குரலு. தம்பி, அவ டீச்சராகி எத்தன வருஷம் ஆச்சு, அவ பாடம் நடத்தி நான் கேட்டதே இல்லையே. சொவத்துல காத வச்சுக்கிட்டு நின்னேன். வாட்ச்மேன் வந்து என்னான்னு சைகையில கேட்டான். சும்மா இருன்னு சைகை காட்டினேன். பொறவு அவனும் பக்கத்துல வந்து காத வச்சுக்கிட்டு நின்னான், பாவம், எதுக்குன்னு தெரியாமலே.

அதுக்காக நான் மாறிட்டேன்னு நினைச்சுராதீங்க. என் கட்சி இப்பவும் அதேதான். முதல்ல அமெரிக்கா நிறுத்தட்டும். நேத்துக்கூட போன்ல கோமதிகிட்ட இதத்தான் சொன்னேன். அவ "சரி சரி, நீங்க முதல்ல ஊரு வந்து சேருங்க"ன்னா.

வடசேரி ஸ்டாண்டு வந்துட்டு போல. பத்து நிமிஷம் நிப்பான். தம்பி, அதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு போட்டுக் காட்டுதேன். போன்ல பிடிச்சு வச்சிருக்கேன், அந்தச் சொவத்துல வச்சு. உலகம்மை வகுப்பு. ஒரு எழுத்து உங்களுக்கு விளங்காது, எனக்கும் விளங்காது. குரல மட்டும் கேளுங்க. இந்தா.

கேக்குதா? கேக்கலயா? இந்த இன்ஜின் சத்தத்துல எப்படிக் கேக்கும். இருங்க.

டிரைவர் தம்பி, கொஞ்ச நேரம் இன்ஜின அணைச்சுப் போடுங்களேன். ஒரு சின்னச் சத்தம் கேக்க வேண்டியிருக்கு. என்னது? இங்க நிக்கிற வண்டி எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் நிக்குதா? நீங்க ஒருத்தர் அணைச்சா மட்டும் ஸ்டாண்டு அமைதியாயிருமான்னா கேக்கீங்க? ஆகாது. ஆகும்னு யாரு சொன்னா? அவங்க அணைக்கும்போது அணைச்சுக்கிடட்டும் தம்பி. நான் இப்ப அவங்க வண்டியிலயா உக்காந்திருக்கேன்? உங்க வண்டியிலதான உக்காந்திருக்கேன். நீங்க அணைங்க.

ம். நல்லாயிருப்பீங்க.

இப்ப காத இங்கன வைங்க. இதான் என் மக.